தொழில்: இல்லை

(விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் மகளிர் தினத்தை ஒட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரே, ஒரு நாள் ஆபீசுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அது தெரிந்துதான் வந்திருக்கிறீர்கள். அந்தக் கூலிக்கு ஈடாக ஏதாவது சொல்லிவிட்டுத்தான் இந்த மைக்கை விட்டு நகர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு 'ஆபீஸ்' என்றால் மேசை, நாற்காலி, மின்விசிறி. நமக்குத் தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலை. விடியுமுன் தூக்குச்சட்டியோடு வேன் ஏறிப் போகும் இடம்.

என் அம்மாச்சி 2019-இல் காலமானாள். தொண்ணூறை நெருங்கிய வயசு. காரியமெல்லாம் முடிந்த கையோடு இறப்பைப் பதிவு செய்யப் படிவம் நிரப்பினேன். அதில் இறந்தவரின் தொழில் என்று ஓர் இடம் உண்டு. தொழில் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதச் சொல்லி அங்கேயே போட்டிருக்கும். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. கல்லூரியில் பாடம் நடத்துகிற, பெண்களின் உழைப்பைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிற என் கைதான் எழுதியது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா. பயராபீஸ் வேலை முடிந்து வருகிறவர். நகக்கண்ணில் வெள்ளிப்பொடி ஏறி மினுமினுத்துக்கொண்டிருந்தது. அந்த விரல்களைப் பார்த்ததும் அம்மாச்சியின் விரல்கள் ஞாபகம் வந்தன. பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகையே இருக்காது. கைரேகை வைக்கும் மிஷின் வந்தபோது அவள் விரலை அது ஏற்க மறுத்தது. திரும்பத் திரும்பத் துடைத்துத் துடைத்து வைப்பாள். ரேகை தேயும்வரை உழைத்த ஒருத்திக்குத்தான் தொழில் இல்லை என்று எழுதிவிட்டு வந்திருந்தேன். இன்றைய பேச்சு அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்காக.

அவள் பிறந்த வருசம் யாருக்கும் தெரியாது. "சப்பான்காரன் சண்டை முடிஞ்ச வருசம் நான் சமைஞ்சேன்" என்பாள். அங்கிருந்து பின்னால் எண்ணிப் போனால் 1931, 32 வாக்கில் வரும். பிறந்தது, வாக்கப்பட்டது எல்லாம் இந்தக் கரிசல் காட்டுக்குள்தான். மழை பெய்தால் காலை விடாத மண், கோடையில் கால் புதைகிற அளவு வெடித்துக் கிடக்கும் மண். கிணற்றுப் பாசனம் உள்ளவன் பாக்கியசாலி. மற்றவர்களுக்கு எல்லாம் மானாவாரி; புரட்டாசி, ஐப்பசி மேகத்தைப் பார்த்து விதைப்பதுதான்.

பருத்தி வெடித்துவிட்டால் கோழி கூப்பிடுமுன்னே பெண்கள் கிளம்பிவிடுவார்கள். ஏன் அந்த நேரத்தில் என்று சின்ன வயசில் கேட்டேன். வெயில் ஏறினால் சருகு நொறுங்கிப் பருத்தியில் ஒட்டிக்கொள்ளும், பனி ஈரம் இருக்கும்போதே எடுத்தால் பஞ்சு சுத்தமாக வரும் என்றாள். புடவையை மடியாகக் கட்டி, இரண்டு கையாலும் எடுத்து எடுத்துத் திணிப்பார்கள். மடி நிறைந்து தொங்கும்போது பத்து மாதக்காரி மாதிரி நடந்து வருவார்கள். உண்மையிலேயே பத்து மாதக்காரிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள். என் பெரிய மாமா பிறந்தது பருத்திக்காட்டு ஓரத்து உடைமரத்தடியில். கூலி காசாக வராது. எடுத்த பருத்தியில் ஒரு பங்கு. அதிலும் ஒரு கை அள்ளிக் கடையில் போட்டுத்தான் பிள்ளைகளுக்குப் பண்டம் வாங்குவாள்.

இங்கிருந்து பக்கத்தில்தான் வெம்பக்கோட்டை. 2022 முதல் வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் தொல்லியல் துறையினர் குழி வெட்டியது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அங்கே மண் அள்ளும் வேலைக்கும் போயிருப்பீர்கள். என்ன கிடைத்தது? சங்கு வளையல் துண்டுகள், ஏராளமாக. நூல் நூற்கும் தக்களிக்குச் சுடுமண்ணில் செய்த வட்டுகள். தங்கமும் கிடைத்தது, செய்தித்தாள்கள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. எனக்கு அந்தத் தக்களி வட்டுதான் பெரிதாகத் தெரிந்தது. எத்தனையோ நூறு வருசத்துக்கு முன்னால் இதே ஆற்றங்கரையில் பஞ்சைத் திரித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் கையில் சுழன்றது அது. அவள் கையில் போட்டிருந்த வளையலும் உடைந்துதான் கிடைத்தது. வேலை செய்கிற கையில் வளையல் நிலைக்காது.

தாத்தா 1961-இல் இறந்தார். மூன்று பிள்ளைகள், ஒரு சென்ட் நிலமில்லை. 1970-இல் இங்கே சிமெண்ட் ஆலை வந்தது. கட்டடம் எழும்பியபோது அம்மாச்சி சித்தாளாகக் கல் சுமந்தாள். அந்த வேலை முடிந்ததும் வீட்டுக்குள் கட்டை வந்தது.

கட்டை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. படிக்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மரச்சட்டம். அதற்குள் வரிசை வரிசையாகப் பள்ளம் வெட்டிய சின்னச் சின்னச் சக்கைகள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி படுக்க வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த சக்கையை வைத்து அழுத்தி, மறுபடி குச்சி. முழுச் சட்டமும் நிறைந்த பிறகு ஆபீசில் அதை மெழுகில் முக்கி, பிறகு மருந்தில் முக்குவார்கள். ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தாலும் கணக்குப்பிள்ளை கட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதையை நம் பாடப்புத்தகம் வரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். சொல்ல வேண்டிய கதைதான், துணிச்சலான கதை. அந்தத் தொழில் இந்த மழையில்லாச் சீமையில் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது எதன் மேல் என்று கேட்டால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்களின், அடிப்பெட்டி மேல்பெட்டி ஒட்டியவர்களின் விரல்கள் மேல்தான். பெட்டி ஒட்டும் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள், பூச்சி தின்னாமல் இருக்க. அந்தக் கையைக் கழுவிவிட்டுத்தான் என் அம்மாச்சி எனக்குக் கம்மஞ்சோறு உருட்டித் தந்தாள்.

அவளுக்குப் படிப்பில்லை. ஆனால் எத்தனை கட்டை போனது, எத்தனை திரும்பியது, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் சுவரில் கரிக்கோடாக இருக்கும். கணக்குப்பிள்ளை நோட்டும் அந்தச் சுவரும் முரண்பட்டால் சுவர்தான் சரியாக இருக்கும்.

இனி அவளுடைய பக்தியைச் சொல்ல வேண்டும். என்னோடு படித்தவர்கள் பலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். கஷ்டத்தை மறக்க ஏழைகள் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தேன். அது தவறு என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் அம்மாவுக்கு நாலைந்து வயசில் பெரியம்மை போட்டது. கண்ணுக்குள்ளும் முத்து இறங்கிவிட்டது. அப்போதெல்லாம் அப்படி இறங்கினால் பிள்ளை பிழைத்தாலும் பார்வை போகும். அம்மாச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மனிடம் நடந்தாள். கோயிலில் தங்கி வயனம் இருந்தாள். பார்வை தப்பியது. வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினாள். அன்றிலிருந்து ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்து போவது அவளுக்கு வருசக் கணக்கு. நம் நாட்டில் பெரியம்மை 1975-இல் அற்றுப்போனது. அதற்குக் காரணம் தடுப்பூசியும், வீடு வீடாக அலைந்து அம்மை கண்டவர்களைத் தேடிய சுகாதாரப் பணியாளர்களும். அம்மாச்சி தடுப்பூசிக்கு எதிரி அல்ல. ஊசி போட வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, ஒளிந்துகொண்ட பிள்ளைகளைக் வீட்டுக்குப் பின்னாலிருந்து இழுத்துவந்து நிறுத்தியவள் அவள். அம்மை போனது. ஆத்தாவை அவள் விடவில்லை.

இருக்கன்குடி ஆத்தாள் முதன்முதலில் யாருக்குத் தன்னைக் காட்டினாள் என்று உங்களுக்குத் தெரியும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த இடத்தில் சாணி பொறுக்க வந்த ஒரு பெண்ணுக்கு. கூடையைக் கீழே வைத்தாள், திரும்பத் தூக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் சிலை இருந்தது. ராசாவுக்கோ பண்டிதருக்கோ அல்ல, சாணிக் கூடைக்காரிக்கு. இந்தக் கதையை அம்மாச்சி ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கூடை தூக்க முடியாமல் போகும் இடத்தில் நிறுத்தி, தன் இடுப்பில் கைவைத்துக் காட்டுவாள். அது யாரோ ஒருத்தியின் கதையாக அவளுக்குப் படவில்லை.

அவள் ஆத்தாவோடு சண்டையும் போட்டிருக்கிறாள். எனக்குச் சித்தி ஒருத்தி. பதினாலு வயசில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்தபோது இரண்டு கையும் வெந்துபோனது. எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். உயிர் பிழைத்தாள், விரல்கள் ஒட்டிக்கொண்டன. அந்தக் காலத்தில் ஊர் ஊராக விடிகாலையில் வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல்தான் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. என் சித்திக்கு அப்போது முப்பத்தாறு வயசு.

கை வெந்த அந்த வருசம் ஆடி வெள்ளிக்கு அம்மாச்சி போகவில்லை. தெருவே கிளம்பிப் போனது, இவள் வாசலில் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாளாம். அடுத்த வருசம் போனாள். ஏன் போகாமல் இருந்தாய், ஏன் மறுபடி போனாய் என்று பல வருசம் கழித்துக் கேட்டேன்.

"சண்டை போட்டேன் தாயி. வேற யாருகிட்டப் போட?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. முதலாளியிடம் போட முடியாது, முன்பணம் வாங்கியிருந்தாள். சர்க்காரிடம் போட வழி தெரியாது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் வெடித்து நாற்பது பேர் வரை மாண்டபோது அவள் எண்பதைத் தாண்டியிருந்தாள். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, தலையில் கைவைத்து, மெதுவாக, ஆனால் கோபமாக ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். யாரோடு பேசுகிறாள் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது.

நேர்த்திக்கடன் என்கிறோம். அந்தச் சொல்லில் உள்ள 'கடன்' அவளுக்கு வெறும் பேச்சு இல்லை. ஏதாவது வேண்டிக்கொண்டால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் கட்டுவாள். வாரம் தோறும் அதில் ஏதாவது சேரும். கடையில் பாக்கி இருக்கும், வீட்டில் அரிசி இருக்காது, மஞ்சத்துணி மட்டும் அவிழாது. ஒரே ஒரு தடவை அவிழ்த்தாள். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டியிருந்தது. விளக்கேற்றி வைத்து, "உங்கிட்டக் கடன் வாங்குறேன் ஆத்தா, பேத்தி படிப்புக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் முடிச்சை அவிழ்த்தாள். அந்தத் தை மாதத்துக்குள் திருப்பிக் கட்டினாள், மேலே ஐந்து ரூபாய் போட்டு. அது வட்டியாம். அன்றைக்கு நான் சிரித்தேன். பிறகு புரிந்தது. எந்தப் பெரிய மனுசனிடமும் கைநீட்டாமல், அடமானம் வைக்காமல், அவளுக்குக் கடன் கொடுக்க இருந்த ஒரே இடம் அதுதான்.

மதுரைப் பக்கம் புல்லுச்சேரியில் சின்னப்பிள்ளை அம்மா இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர், வயல் கூலிக்குப் பெண்களைக் கொத்தாகக் கூட்டிப்போனவர். 1990-களில் களஞ்சியம் இயக்கத்தில் சேர்ந்து, ஊர்ப் பெண்கள் மாதா மாதம் சிறு தொகையைச் சேர்த்து அதிலிருந்து தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ள வைத்தார். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்பது குறைந்தது. கண்மாய் மீன் குத்தகையைக்கூடப் பெண்கள் பிடித்தார்கள். 2001 தொடக்கத்தில் தில்லியில் ஸ்திரீ சக்தி விருது வாங்கப் போனபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சத்துணி நினைவுக்கு வரும். என் அம்மாச்சி தனியாக ஒரு சாமியோடு நடத்திய வரவு செலவைச் சின்னப்பிள்ளை அம்மா ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்து நடத்தினார். இரண்டிலும் நாணயம் ஒன்றுதான். கூட்டம் மட்டும்தான் என் அம்மாச்சிக்கு வாய்க்கவில்லை.

கோவைப் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் 105 வயசில் பத்மஸ்ரீ வாங்கினார். 2024 செப்டம்பரில் மறையும்வரை மண்ணை விடவில்லை. பெற்றோரை இழந்து பாட்டி வீட்டில் வளர்ந்தவர். கடை நடத்திச் சேர்த்த பணத்தில் பத்து ஏக்கர் வாங்கினார், தன் பெயரில். அந்த இரண்டு சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன். உழைப்பில் அவருக்கும் நம் பாட்டிமாருக்கும் வித்தியாசம் கிடையாது. பட்டாவில்தான் வித்தியாசம்.

நம் மாவட்டத்திலேயே ஒரு தாய் உண்டு. சிவகாமி அம்மையார். மகனுக்கு ஆறு வயசு இருக்கும்போது கணவரை இழந்தவர். குலதெய்வம் காமாட்சியின் பெயரைச் சூட்டி வளர்த்த அந்தப் பிள்ளை 1954-இல் முதலமைச்சர் ஆன பிறகும் அவர் விருதுநகர் வீட்டை விட்டுப் போகவில்லை. நினைவில்லமாக இருக்கும் அந்த வீட்டுக்குப் போனால் எல்லாரும் காமராசரின் படங்களைப் பார்ப்பார்கள். நான் அடுப்படியைத்தான் முதலில் தேடுவேன். 1956-இல் மதிய உணவு தொடங்கியது. என் அம்மாவை ஐந்தாவது வரை பள்ளியில் உட்கார வைத்தது அந்தச் சோறு. சிரமத்தோடு பிள்ளை வளர்த்த ஒரு விதவைத் தாயைக் கண்ணால் பார்த்த மகனுக்குத்தான் அந்த யோசனை அப்படி உறைத்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

அம்மாச்சி எழுபது வயசுக்கு மேல் கட்டையை விட்டாள், கண் மங்கியதால். அதோடு வேலை விட்டதா? நூறு நாள் வேலை வந்ததும் மம்பட்டி தூக்க முடியாவிட்டாலும் ஊருணிக் கரையில் புல் செதுக்கப் போனாள். வங்கிக் கணக்கில் பணம் விழுந்த அன்று பாஸ்புத்தகத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அவள் பெயர் அச்சடித்து வந்த முதல் புத்தகம் அது.

அவள் இறந்த அதே 2019-இல் இந்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் ஒரு நாளின் நேரத்தை எதில் எல்லாம் செலவிடுகிறார்கள் என்று. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 97 நிமிடம். 2023 செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்று வைத்தது. தொகை சிறிது. சொல் பெரிது. அந்தச் சொல்லைக் கேட்க அவள் இல்லாமல் போனாளே என்று அன்று அழுதேன்.

அவள் போன பிறகு இருக்கன்குடி நடை என் அம்மாவுக்கு வந்தது. அம்மாவுக்கு இப்போது மூட்டு வலி. போன ஆடியில் நானும் கூட நடந்தேன். ராத்திரியில் ரோட்டோரம் முழுக்கப் பெண்கள். மஞ்சள் சேலை, தலையில் சின்ன மூட்டை, சில பேர் மடியில் தூங்கும் பிள்ளை. எல்லாரும் அன்றைக்குச் சாயங்காலம் வரை ஆபீசில் இருந்தவர்கள். சாத்தூர் தாண்டியதும் அம்மா ஒரு திண்டில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா, கேட்காமலே அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திவிடத் தொடங்கினார்.

"நீங்க என்ன வேலை பாக்கீக?" என்று அம்மா கேட்டாள்.

"பயராபீசுல சரம் பின்னுறேன்" என்றார் அவர். "நீங்க?"

அம்மா வேலையை விட்டுப் பத்து வருசம் ஆகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, "கட்டை அடுக்குனேன்" என்றாள். "எங்கம்மாவும் அதான்."